டவர் மேல் என்ன தப்பு?

பேசிக்கொண்டிருக்கும்போது குரல் அறுந்தால் "டவர் இல்லை" என்கிறோம். வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால் "டவர் வீக்." கூப்பிட்டவர் எடுக்காவிட்டால் "டவர் கிடைக்காத இடத்துல இருப்பாரு." சிக்னலுக்கே நம் பேச்சில் டவர் என்றுதான் பெயர். குற்றவாளியின் பெயரை முதலில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் விசாரணை நடத்துகிற மாதிரி இது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் பெரியம்மா வீடு. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, சமையலறை ஜன்னலோரம் நானும் அக்கா வீட்டுக்காரரும் தோளோடு தோள் உரச நின்றுகொண்டிருந்தோம். இரண்டு பேரிடமும் ஒரே கம்பெனி சிம். இரண்டு போனிலும் இரண்டு பாயின்ட். அவர் போனில் ஜல்லிக்கட்டு ஓடுகிறது. காளை திமிலைச் சிலுப்புவது வரை தெரிகிறது. என் போனில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"எப்படி மாமா?"

"போன் அப்படி" என்றார், கண்ணை எடுக்காமல்.

மாமா சொன்னது பாதி சரி. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு விரல் நகம் அளவுள்ள சிப்பிடம் போய் நிற்போம். அதற்கு மோடம் என்று பெயர். போனின் காது என்றும் சொல்லலாம். ஆனால் அது கேட்பதோடு நிற்பதில்லை. கேட்டதில் புரியாததை ஊகித்து நிரப்பவும் செய்கிறது.

முதலில் அந்தப் பாயின்ட் கணக்கை ஒதுக்கிவிடலாம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு காட்ட வேண்டும் என்று பொதுவான விதி கிடையாது. போன் செய்பவர் இஷ்டம். 2010இல் ஐபோன் 4 வந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் தங்கள் சூத்திரமே தவறு, பல இடங்களில் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவந்திருக்கிறோம் என்று ஆப்பிள் நிறுவனமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டது. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண்ணில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் சிம் நிலவரம் காட்டும் பக்கத்தில் பார்க்கலாம். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஒரு பரிசோதனைப் பக்கம் திறக்கும். எண்ணுக்கு முன்னால் எப்போதும் கழித்தல் குறி இருக்கும். மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 120 என்றால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம்.

மைனஸ் 120 என்பது எவ்வளவு? ஒரு வாட்டைக் கோடி பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி கோடி பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கில் பத்தில் ஒன்று. டவரில் சில பத்து வாட்டில் கிளம்பியது மரம், சுவர், மலைச்சரிவு எல்லாம் தாண்டி, பல இழைகளாகப் பிரிந்த 4ஜி அலைவரிசையின் ஒரு இழையில் கடைசியாக இவ்வளவுதான் போனுக்கு வந்து சேர்கிறது. இதற்கும் கீழே ஒரு தரை இருக்கிறது. வெப்பமுள்ள எந்தப் பொருளிலும் எலக்ட்ரான்கள் அமைதியாக இருப்பதில்லை. அந்த நடுக்கமே ஓர் இரைச்சல். சாதாரண அறை வெப்பத்தில், அதே இழையில் அது மைனஸ் 132. ஆக மூச்சு வாங்கும் அந்தச் சிக்னல் இயற்கையின் இரைச்சலைவிட ஏறக்குறைய 16 மடங்குதான் பெரியது. போனுக்குள் இருக்கும் பெருக்கிகளும் தங்கள் பங்குக்கு இரைச்சலைக் கூட்டுகின்றன. சிக்னலை வாங்கும் ஒரு சுற்றமைப்பு இன்னொன்றைவிட 3 டெசிபல், அதாவது இந்த எண்ணில் 3, கூடுதலாக இரைந்தால், டவரின் சக்தியைப் பாதியாகக் குறைத்ததற்குச் சமம்.

இதுவரை சொன்னது கேட்பது. இனிப் புரிந்துகொள்வது.

அலையின் உயரத்தையும் அது தொடங்கும் கட்டத்தையும் மாற்றி மாற்றித்தான் டவர் தகவல் அனுப்புகிறது. பொறியாளர்கள் இதை ஒரு தாளில் வரைந்தால் வருவது அப்படியே நம் வாசல் புள்ளிக்கோலம். நேர்ப்புள்ளி. சிக்னல் மோசமாக இருக்கும்போது 2 புள்ளி 2 வரிசை. மொத்தம் நான்கு புள்ளிகள். கொஞ்சம் தேறினால் 4 புள்ளி 4 வரிசை. நன்றாக இருந்தால் 8க்கு 8. மிகவும் நன்றாக இருந்தால் 16க்கு 16, அதாவது 256 புள்ளிகள். ஒவ்வொரு நொடித்துளியிலும் டவர் இந்தப் புள்ளிகளில் ஏதோ ஒன்றைச் சுட்டுகிறது. எந்தப் புள்ளி என்பதுதான் செய்தி. நான்கு புள்ளியில் ஒன்றைச் சுட்டினால் 2 பிட், அதாவது ஒன்றோ பூஜ்யமோ ஆன இரண்டு இலக்கங்கள், கிடைக்கும். 64இல் ஒன்றைச் சுட்டினால் 6 பிட். 256இல் ஒன்றைச் சுட்டினால் 8 பிட்.

4ஜியில் ஒரு இழையில் நொடிக்கு 14,000 முறை இப்படிப் புள்ளி வைக்கிறார்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1,200 இழைகள். பெருக்கினால் நொடிக்கு 1 கோடியே 68 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றையும் மோடம் பார்த்து, "இது எந்தப் புள்ளி?" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். காற்று வீசி மாவு நகர்ந்த கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கே புள்ளி என்றால் மாவு எவ்வளவு சிதறினாலும் எந்த மூலை என்று கண்டுபிடித்துவிடலாம். 16க்கு 16 கோலத்தில் ஒரு சிட்டிகை நகர்ந்தாலே பக்கத்துப் புள்ளியோடு குழம்பும். வேகம் வேண்டும் என்றால் நெருக்கமான கோலம் வேண்டும். நெருக்கமான கோலத்துக்குக் கூர்மையான கண் வேண்டும்.

மாவு அதிகம் சிதறிய இடத்தில் மோடம் தடாலடியாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. "இது ஒன்றாக இருக்கலாம், எழுபது சதவீதம், பூஜ்யமாக இருக்கலாம், முப்பது" என்று சந்தேகத்தோடேயே அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறது. அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வித்தை நடக்கிறது. 1993இல் ஜெனீவாவில் நடந்த ஒரு மாநாட்டில், பிரான்சைச் சேர்ந்த குளோட் பெரூ, அலைன் கிளாவியூ என்ற மின்னணுப் பொறியாளர்களும் இன்னொருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வாசிக்கப்பட்டது. பிழை திருத்தும் புதிய முறை. தகவலை எவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் பிழையில்லாமல் அனுப்ப ஓர் எல்லை உண்டு என்று 1948இல் கிளாட் ஷானன் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அந்த எல்லையை ஒரு டெசிபலுக்கும் குறைவான தூரம் வரை நெருங்கிவிட்டோம் என்றது கட்டுரை. 45 வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த வல்லுநர்கள் பலர் நம்பவில்லை. எங்கேயோ கணக்கில் தப்பு என்றார்கள். மற்றவர்கள் தாங்களே செய்துபார்த்தபோது அப்படியே வந்தது.

அந்த முறையைப் புரிந்துகொள்ள வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்துப் புதிரே போதும். ஒருவர் கையில் இடமிருந்து வலம் குறிப்புகள் மட்டும். இன்னொருவர் கையில் மேலிருந்து கீழ் மட்டும். முதலாமவர் "மூணாவது கட்டம் அநேகமா 'க'வா இருக்கும்" என்கிறார். இரண்டாமவர் அதை வைத்துத் தன் சொல்லைச் சரிபார்த்து, "அப்படின்னா அஞ்சாவது 'ல்'" என்று திருப்பிக் கொடுக்கிறார். ஊகம் ஊகத்தைத் திருத்துகிறது. ஏழெட்டுச் சுற்றில் கட்டங்கள் நிரம்பிவிடுகின்றன. போனுக்குள் இரண்டு சுற்றமைப்புகள் இப்படித்தான் தங்கள் சந்தேகங்களை மாறி மாறிப் பரிமாறிக்கொள்கின்றன, ஒரு மில்லிநொடிப் பொட்டலத்துக்கு ஒரு முழுப் புதிர் என்ற வேகத்தில். 5ஜியில் ராபர்ட் கேலகர் 1960களின் தொடக்கத்தில் எழுதி, முப்பது வருடம் தூசி படிந்து கிடந்த வேறொரு முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் ஊகங்கள் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் அதே குணம்தான்.

எத்தனை சுற்று ஓட்டுவது? அதை யாரும் விதிக்கவில்லை. உலகத்துக்கெல்லாம் ஒரே செல்போன் விதிப்புத்தகம்தான். ஆனால் அந்தப் புத்தகம் என்ன அனுப்ப வேண்டும் என்பதைத்தான் எழுத்தெழுத்தாகச் சொல்கிறது. வந்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பது சிப் செய்பவரின் திறமைக்கு விடப்பட்டிருக்கிறது. குறைந்தபட்சம் இவ்வளவு தேற வேண்டும் என்று ஒரு கோடு மட்டும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு மாதிரி. 35 எடுத்தவரும் பாஸ், 98 எடுத்தவரும் பாஸ். போன் பெட்டியில் "4ஜி", "5ஜி" என்று அச்சிட்டிருப்பது பாஸ் என்ற செய்தி மட்டுமே. மதிப்பெண் பட்டியலைப் பெட்டிக்குள் வைப்பதில்லை.

அந்தப் பட்டியல் ஒரு தடவை கசிந்தது. 2016இல் ஐபோன் 7 வெளிவந்தபோது.

அதற்கு முன் ஐந்து ஆண்டுகளாக எல்லா ஐபோன்களிலும் குவால்காம் மோடம்தான். சான் டியாகோவில் 1985இல் தொடங்கிய கம்பெனி அது. நிறுவியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ விட்டர்பி, இரைச்சலுக்குள் செய்தியைத் தேடும் ஒரு புகழ்பெற்ற வழிமுறையை 1967இலேயே எழுதியவர். காது வைத்தியரே காது விற்கும் கடை திறந்த மாதிரி. ஒரே கடையில் வாங்கினால் கடைக்காரர் சொல்வதுதான் விலை என்பதால், ஆப்பிள் இன்டெல்லையும் உள்ளே கொண்டுவந்தது. இன்டெல்லின் மோடம் பிரிவு, ஜெர்மனியின் இன்ஃபினியான் கம்பெனியிடமிருந்து 2011இல் வாங்கியது. முதல் ஐபோனில் இருந்ததும் அந்த இன்ஃபினியான் மோடம்தான். அமெரிக்காவில் வெரைசன், ஸ்பிரின்ட் வாடிக்கையாளர்களுக்கு குவால்காம் சிப் வைத்த போன்; ஏடி அண்ட் டி, டி-மொபைல்காரர்களுக்கு இன்டெல் சிப் வைத்தது. முதல் இரண்டும் பழைய சிடிஎம்ஏ முறையையும் பயன்படுத்திக்கொண்டிருந்தன. இன்டெல் சிப்புக்கு அந்த மொழி தெரியாது.

அதே உடம்பு, அதே திரை, அதே விலை, காது மட்டும் வேறு. பின்பக்கத்து மாடல் எண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: ஏ1660 என்றால் குவால்காம், ஏ1778 என்றால் இன்டெல். அறிவியல் சோதனைக்கு இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது. செல்லுலர் இன்சைட்ஸ் என்ற குழு பெரிய மாடலான 7 பிளஸில் இரண்டு வகையையும் எடுத்து, வெளி அலை எதுவும் நுழைய முடியாத பெட்டிக்குள் வைத்து, போலி டவர் ஒன்றிலிருந்து மைனஸ் 85 அளவில் சிக்னல் கொடுத்தது. பிறகு ஒவ்வொரு டெசிபலாகக் குறைத்துக்கொண்டே வந்தது. சிக்னல் நன்றாக இருந்தவரை இரண்டு போனும் அண்ணன் தம்பி. குறையக் குறைய இடைவெளி விழுந்தது. மொத்தத்தில் குவால்காம் போன் 30 சதவீத அளவில் முன்னால் நின்றது. சிக்னல் மிக நைந்த இடங்களில் இடைவெளி 75 சதவீதத்தைத் தாண்டியது. எல்லா மாடல்களும் தங்கள் தரத்துக்கு உட்பட்டவை, நடைமுறையில் உணரக்கூடிய வித்தியாசம் இல்லை என்பது ஆப்பிளின் பதில்.

இரண்டு சிப்புகளின் விளம்பர வேகத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. குவால்காம் சிப்புக்கு நொடிக்கு 600 மெகாபிட், இன்டெல்லுக்கு 450. இந்த 150 எங்கிருந்து வந்தது? கோலத்திலிருந்து. முதலாவதுக்கு 16க்கு 16 கோலம் படிக்கத் தெரியும். இரண்டாவது 8க்கு 8 வரைதான். புள்ளிக்கு 8 பிட், 6 பிட். 600ஐ 450ஆல் வகுத்தாலும், 8ஐ 6ஆல் வகுத்தாலும் ஒரே விடை. ஆனால் ஆப்பிள் எல்லா ஐபோன் 7க்கும் 450 என்றே அறிவித்தது. குவால்காம் போனின் முழு வேகத்தை ஆப்பிள் திறந்துவிடவில்லை என்று அந்த நவம்பரில் ப்ளூம்பெர்க் எழுதியது. வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று நடை பிந்தினால், முந்தும் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பார் வண்டிக்காரர். வண்டிக்கு அது நியாயம். முந்தும் மாட்டை முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு நியாயமா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

மோடத்தின் கெட்டிக்காரத்தனம் தன்னோடு முடிந்துவிடுவதில்லை. "எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது" என்று போன் டவருக்கு 0 முதல் 15 வரை ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வாக்குமூலத்தை நம்பித்தான் டவர் கோலத்தைத் தேர்ந்தெடுக்கிறது. காது மந்தமான போன் "4" என்று சொன்னால், டவர் நிறுத்தி நிதானமாக, எட்டுப் பத்து தடவை சொல்லிப் புரியவைக்கும் வாத்தியார் மாதிரி ஆகிவிடும். வகுப்பில் மற்றவர்களின் நேரமும் அதில் போகிறது. ஒரே டவரின் கீழ் இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது நேரத்தைத்தானே.

அப்படியும் ஒரு பொட்டலம் புரியாவிட்டால் மோடம் "மறுபடி" என்று கேட்கும். 4ஜியில் சுமார் 8 மில்லிநொடியில் அடுத்த பிரதி வந்துவிடும். முதல் பிரதியை அது தூக்கிப்போடுவதில்லை. மழையில் நனைந்த இன்லாண்ட் லெட்டர் இரண்டு கையில் இருந்தால் ஒன்றில் கரைந்த வரி இன்னொன்றில் மிஞ்சியிருக்கும் அல்லவா? இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வாசிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே குப்பை. சேர்த்தால் செய்தி.

ஐபோன் 7 கதையின் மிச்சம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. 2017 ஜனவரியில் ஆப்பிள் குவால்காம் மேல் வழக்குப் போட்டது. ஒரு போனுக்கு 7.50 டாலர் உரிமத்தொகை கொடுத்துவந்தோம் என்று ஆப்பிளின் மூத்த அதிகாரி ஜெஃப் வில்லியம்ஸ் 2019இல் சாட்சி சொன்னார். 2018ஆம் ஆண்டு ஐபோன்கள் இன்டெல் சிப்போடு மட்டுமே வந்தன. அந்த ஆண்டின் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இரண்டிலும் ஒரே இன்டெல் மோடம். ஆனால் முன்னதில் நான்கு ஆன்டெனாப் பாதைகள், பின்னதில் இரண்டு. நல்ல சிக்னலில் முன்னது தெளிவாக முந்தியது. காது எவ்வளவு கூர்மையானாலும் காதுமடல் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

2019 ஏப்ரல் 16 அன்று இரண்டு கம்பெனிகளும் சமாதானமாயின. 5ஜி போன் மோடம் தொழிலிலிருந்து விலகுகிறோம் என்று இன்டெல் அறிவித்ததும் அதே நாள். மூன்று மாதத்தில் அந்தப் பிரிவை 100 கோடி டாலருக்கு ஆப்பிள் வாங்க ஒப்பந்தமானது. சுமார் 2,200 ஊழியர்களும் சேர்த்து. அதற்குப் பிறகு சொந்த மோடத்தோடு ஒரு ஐபோன் வரப் பிடித்த காலம் ஐந்தரை ஆண்டு: 2025 பிப்ரவரியில் ஐபோன் 16இ, உள்ளே சி1 என்ற சிப். போனின் மூளையான பிராசசரைப் பல வருடமாகச் சொந்தமாகச் செய்து உலகத்தை அசத்திய கம்பெனிக்குக் காது செய்ய இவ்வளவு காலம் ஆனதில் ஆச்சரியமில்லை. மூளை தன் வீட்டுக்குள் இருப்பவர்களோடு பேசினால் போதும். காது ஊர் ஊராகப் போய், எரிக்சன் டவர், நோக்கியா டவர், ஹுவாவே டவர் என்று ஒவ்வொன்றின் கொச்சையையும் பழகியாக வேண்டும். சி1ஐ 55 நாடுகளில் 180 செல்போன் கம்பெனிகளின் வலையமைப்பில் சோதித்ததாக ஆப்பிள் சொன்னது.

ஜன்னலுக்குத் திரும்புகிறேன். அன்று இரண்டு போனிலும் எண்ணைத் திறந்து பார்த்தேன். இரண்டிலும் மைனஸ் 113ஐ ஒட்டித்தான் இருந்தது. அதே அளவு சிக்னல்தான் வந்து விழுகிறது. அவர் போன் அதைத் தோண்டி எடுக்கிறது, என்னுடையது தவறவிடுகிறது. எனக்குப் பாடம் புரிந்த திருப்தி. "பாருங்க மாமா, உங்க மோடம் நல்லது" என்று விளக்க ஆரம்பித்தேன்.

பெரியம்மா தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு வந்தார். "அங்க நின்னா எப்படிடா வரும்? இங்க வை" என்று என் போனைப் பிடுங்கி, ஜன்னல் திண்டின் இடது கோடியில், கம்பியை ஒட்டிச் சாய்த்துவைத்தார். நான் வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரம்கூட இருக்காது. வட்டம் சுற்றுவது நின்றது. காளை வாடிவாசலைத் தாண்டியது.

எண்ணைப் பார்த்தேன். மைனஸ் 107.

6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு. காரணம் இருக்கிறது. 1,800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். நேரே வரும் அலையும், எதிர்ச்சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலைகளும் சில இடங்களில் ஒன்றோடொன்று கைகோக்கும், சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அறை முழுக்க இப்படிக் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் சில அங்குல இடைவெளியில் விரிந்து கிடக்கின்றன. பெரியம்மாவிடம் கருவி இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பேத்தியோடு பேச ஐந்தாறு வருடமாக அந்தத் திண்டில் போனை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த மூலையில் ஊறுகாய் ஜாடி வைக்க யாருக்கும் அனுமதி இல்லை.